முதல் கிராப்ளிங் போட்டிக்குத் தயாராவது எப்படி?

எட்டு மாதமாக ஜியு-ஜிட்ஸு பழகுகிறீர்கள், தொடக்க நிலையான வெள்ளை பெல்ட், பத்து வாரத்தில் ஒரு கிராப்ளிங் போட்டி, அதாவது அடி உதை இல்லாமல் பிடியாலும் மூட்டுப் பூட்டாலும் நெரிப்பாலும் நடக்கும் ஆட்டம். ஜிம்மில் பாதிப் பேரிடம் இன்னும் தட்டிக்கொண்டே (கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டே) இருக்கும்போது பெயர் கொடுக்கலாமா, எதைப் பழகுவது, ஒரு எடைப் பிரிவு கீழே இறங்குவதற்காக நாலு கிலோ குறைக்கலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமான பதில்: பெயர் கொடுங்கள், புதிதாக எதையும் கற்காதீர்கள், எடையைக் குறைக்காதீர்கள். இனி விரிவாகச் சொல்கிறேன். நான் பல வருடம் போட்டியிட்டவன். இப்போது புதியவர்களைப் போட்டிக்கு அழைத்துப் போகிறேன். ஒரே மாதிரியான தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஜிம்மில் தட்டுவதை வைத்து உங்களை எடை போடாதீர்கள். அங்கே உங்களைத் தட்ட வைப்பவர்கள் மேல் நிலைகளான நீல பெல்ட்டும் ஊதா பெல்ட்டும், உங்களைவிட இருபது கிலோ கூடுதலானவர்களும். போட்டியில் எதிரே நிற்பவர் உங்கள் பெல்ட், உங்கள் எடை, பெரும்பாலும் உங்கள் வயது. பெரியவர்கள் பிரிவு 18 வயதில் தொடங்கும். 30-ஐத் தொட்டவர்களுக்கு மாஸ்டர் பிரிவுகள் தனியாக உண்டு. உங்களை அடிப்படைப் பாதுகாப்போடு காத்துக்கொள்ள முடிகிறதா, மவுண்டிலிருந்தும் (எதிராளி உங்கள் மேல் ஏறி உட்கார்ந்த நிலை) சைடு கண்ட்ரோலிலிருந்தும் (பக்கவாட்டிலிருந்து மேலே படுத்து அழுத்தும் நிலை) வெளியேற ஒரு வழியாவது தெரியுமா, ஆபத்து வரும்போது உடனே தட்டுகிற பழக்கம் இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் ஆம் என்றால் போதும்.

இன்னொரு கணக்கையும் மனதில் வையுங்கள். பதினாறு பேர் கொண்ட நாக்-அவுட் பிராக்கெட்டில் எட்டுப் பேர் முதல் ஆட்டத்திலேயே வீட்டுக்குப் போகிறார்கள். பதினைந்து பேர் எப்படியும் ஒரு தோல்வியோடுதான் போகிறார்கள். அதனால் முதல் போட்டிக்குப் பதக்கத்தை இலக்காக வைக்க வேண்டாம். நான் பழகியதை, முன்பின் தெரியாத ஒருவர் முழு பலத்தோடு எதிர்க்கும்போது ஒருமுறையாவது செய்துகாட்ட வேண்டும் என்பதை இலக்காக வையுங்கள்.

முதல் வேலை விதிப் புத்தகத்தைப் படிப்பது. பலர் இதைச் செய்வதில்லை, செய்யாமல் தோற்கிறார்கள். கிராப்ளிங் என்ற ஒரே பெயரில் வேறுவேறு ஆட்டங்கள் நடக்கின்றன. ஐபிஜேஜேஎஃப் (சர்வதேச பிரேசிலிய ஜியு-ஜிட்ஸு கூட்டமைப்பு) விதிகளில் வெள்ளை பெல்ட் பெரியவர்களுக்கு ஆட்டம் 5 நிமிடம். வீழ்த்தினால் 2 பாயிண்ட், ஸ்வீப்புக்கு (கீழிருந்து எதிராளியைப் புரட்டி மேலே வருவது) 2, வயிற்றில் முழங்கால் வைத்தால் 2, கார்ட் பாஸுக்கு (கீழே இருப்பவர் கால்களால் தடுக்கும் நிலைதான் கார்ட், அதைக் கடப்பது பாஸ்) 3, மவுண்டுக்கும் முதுகைப் பிடித்ததற்கும் 4. நிலையை எட்டிய பிறகு 3 விநாடி நிலைநிறுத்தினால்தான் பாயிண்ட். ஏடிசிசி என்ற புகழ்பெற்ற போட்டியின் பாணியில் நடப்பவற்றில் ஆட்டத்தின் முதல் பாதியில் பாயிண்டே கிடையாது. பாயிண்ட் தொடங்கிய பிறகு நீங்களாகக் கீழே உட்கார்ந்து கார்டுக்குப் போனால் மைனஸ் விழும். பாயிண்டே இல்லாமல் சப்மிஷனுக்கு (எதிராளியைத் தட்ட வைப்பதற்கு) மட்டும் நடக்கும் போட்டிகளும் உண்டு. உங்கள் போட்டி எதன்படி நடக்கிறது என்று தெரியாமல் பயிற்சியைத் திட்டமிடவே முடியாது.

அந்த 3 விநாடியைப் பற்றி ஒரு வார்த்தை. புதியவர்கள் கார்டைக் கடந்த அதே மூச்சில் ஆர்ம்பாருக்கு (முழங்கையை நேராக்கிப் பூட்டுவது) தாவுகிறார்கள். அது தவறிப்போய் மறுபடி கீழே விழுகிறார்கள். உழைத்ததற்கு ஒரு பாயிண்ட்கூட வராது. பாஸ் முடிந்ததும் மார்பை மார்பில் அழுத்தி, மனதுக்குள் மூன்று எண்ணி, நடுவரின் கை உயர்வதைப் பார்த்த பிறகு அடுத்ததற்குப் போங்கள். ஜிம்மில் உருளும்போதே, அதாவது பயிற்சிச் சண்டை போடும்போதே, இந்த மூன்று எண்ணிக்கையைப் பழகிவிட்டால் போட்டியில் தானாக வரும்.

தடை செய்யப்பட்டவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ஐபிஜேஜேஎஃப் விதியில் வெள்ளை பெல்ட்டுக்குக் கால் பூட்டுகளில் நேரான கணுக்கால் பூட்டு மட்டுமே அனுமதி. ஹீல் ஹுக் (குதிகாலைப் பிடித்து முறுக்குவது) கிடையாது, மணிக்கட்டுப் பூட்டு கிடையாது, எதிராளி மேல் குதித்துக் கார்ட் போடுவது கிடையாது. யாரையும் தூக்கி அறைந்தால் அந்த இடத்திலேயே வெளியேற்றம். உங்கள் ஜிம்மில் வழக்கமாகச் செய்யும் ஒன்று இந்தப் பட்டியலில் இருக்கலாம், பதற்றத்தில் கை அதைத்தான் தேடும். இன்றே அதை நிறுத்துங்கள்.

இனி பயிற்சி. என் பதிலில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் நின்ற நிலையில் தொடங்குகிறது. இடப் பற்றாக்குறையாலும் காயத்துக்குப் பயந்தும் பல ஜிம்களில் முழங்காலில் உட்கார்ந்தே ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) தொடங்குகிறார்கள். எட்டு மாதம் அப்படிப் பழகிய ஒருவர் மேட்டில் (ஆட்டம் நடக்கும் தரைவிரிப்பில்) ஏறி, நடுவர் கையசைத்ததும், என்ன செய்வதென்று தெரியாமல் எதிராளியின் காலரைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் சுற்றிச் சுற்றி வருவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் அவருக்குத் தெரிந்த எதுவும் உதவாது, ஏனென்றால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் தரையில் இருக்கிறது, தரைக்குப் போகும் வழி தெரியவில்லை.

அதனால் ஒரு வழி வகுத்துக்கொள்ளுங்கள். நிற்கும் இடத்திலிருந்து தட்ட வைக்கும் இடம் வரை ஒரே ஒரு பாதை. உதாரணத்துக்கு: காலரும் சட்டைக்கையும் பிடி, சிங்கிள் லெக் (ஒரு காலைப் பிடித்து வீழ்த்துவது), விழுந்ததும் ஹாஃப் கார்டில் (எதிராளி உங்கள் ஒரு காலை மட்டும் தன் கால்களால் பிடித்திருக்கும் நிலை) மேலே, அங்கிருந்து ஒரு பாஸ், சைடு கண்ட்ரோல், மவுண்ட், கழுத்து நெரிப்பு. நின்று வீழ்த்துவது உங்களுக்குக் கைவராது என்றால் வேறு பாதை: அதே பிடி, இடுப்பில் ஒரு கால் வைத்து முறையாகக் கார்டுக்கு இழுத்து, கிளோஸ்ட் கார்ட் (எதிராளியின் இடுப்பைச் சுற்றிக் கால்களைக் கோர்த்துக்கொள்வது), ஹிப் பம்ப் ஸ்வீப் (இடுப்பால் மோதிப் புரட்டுவது), அது தடைபட்டால் கிமுரா (தோள் பூட்டு). உட்காருவதற்கு முன் கையில் பிடி இருக்க வேண்டும். வெறுங்கையோடு உட்கார்ந்தால் பெனால்டி.

இந்தப் பாதையில் நீங்கள் ஏற்கெனவே ஜிம்மில் வெற்றிகரமாகச் செய்பவை மட்டும் இருக்கட்டும். இணையத்தில் நேற்றுப் பார்த்த அழகான ஸ்வீப் வேண்டாம். ஒவ்வொரு கட்டத்திலும் எதிராளி பெரும்பாலும் என்ன செய்வார் என்று கேளுங்கள், அதற்கு ஒரு பதில் மட்டும் வைத்திருங்கள். சிங்கிள் லெக் எடுக்கும்போது தலையை எங்கே வைக்கிறீர்கள் என்பதை மட்டும் உங்கள் கோச்சிடம் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். டபுள் லெக்குக்கும் (இரண்டு காலையும் பிடித்து வீழ்த்துவது) இது பொருந்தும். தலை குனிந்து கழுத்து வெளியே தொங்கினால் அது கில்லட்டினுக்கு (முன்னாலிருந்து கழுத்தைச் சுற்றி நெரிப்பது) விருந்து. வெள்ளை பெல்ட் ஆட்டங்களில் மிகவும் சட்டென்று முடிபவை இப்படித்தான் முடிகின்றன.

எதிரே நிற்பவர் வெள்ளை பெல்ட் கட்டியிருந்தாலும் பள்ளி நாளிலிருந்து மல்யுத்தமோ ஜூடோவோ செய்தவராக இருக்கலாம். பயப்பட வேண்டாம், ஆனால் முதல் பத்து விநாடியில் கவனியுங்கள். குனிந்து, கை தாழ்த்தி, கால்களைக் குறிவைத்து நிற்பவர் மல்யுத்தக்காரராக இருக்கலாம். அவரோடு நின்று மல்லுக்கட்டாமல் உடனே கார்டுக்குப் போவது நல்லது. நிமிர்ந்து நின்று காலருக்கு ஆவேசமாகச் சண்டை போடுபவர் ஜூடோக்காரராக இருக்கலாம். சர்வதேச ஜூடோ விதிகளில் 2010-இல் தொடங்கி, காலைக் கையால் பிடித்து வீழ்த்துவது படிப்படியாக விலக்கப்பட்டது. அதனால் இந்தத் தலைமுறை ஜூடோக்காரர்கள் பலருக்குச் சிங்கிள் லெக் அவ்வளவு பழக்கமில்லை.

பத்து வாரத்தை எப்படிப் பிரிப்பது? முதல் நாலு வாரம் பாதையைச் செதுக்குங்கள். வழக்கமான வகுப்புக்குப் போங்கள். அது முடிந்ததும் ஒரு துணையோடு பதினைந்து நிமிடம், பாதையின் ஒரு கட்டத்தை மட்டும், முதலில் எதிர்ப்பில்லாமல், அப்புறம் பாதி எதிர்ப்போடு. அடுத்த நாலு வாரம் சூழ்நிலை ஸ்பாரிங். இதுதான் மொத்தத் தயாரிப்பின் இதயம். எல்லாச் சுற்றும் நின்றே தொடங்கட்டும். சில சுற்றுகளை உங்களுக்கு மோசமான இடத்திலிருந்து தொடங்குங்கள்: சைடு கண்ட்ரோலுக்குக் கீழே, முதுகில் ஒருவர் தொங்கிக்கொண்டிருக்க. சில சுற்றுகளை ‘ஒரு நிமிடம்தான் மிச்சம், நீ 2 பாயிண்ட் பின்னால்’ என்று சொல்லித் தொடங்குங்கள். அப்புறம் அதையே திருப்பி, ‘நீ 2 பாயிண்ட் முன்னால்’ என்று. முன்னால் இருக்கும்போது அமைதியாக இருப்பது பின்னால் இருப்பதைவிடக் கடினம் என்பது அப்போதுதான் தெரியும்.

சுற்றின் நீளம் போட்டியின் நீளமாகவே இருக்கட்டும், அதாவது 5 நிமிடம். பத்து சுற்று மெதுவாக உருண்டு பழகிய உடம்புக்கு 5 நிமிடம் முழு வேகத்தில் போவது தெரியாது. வாரத்தில் இரண்டு நாளாவது முழு வேகத்தில் மூன்று, நாலு சுற்று போங்கள், நடுவே நன்றாக ஓய்வெடுத்து. முடிந்தால் வேறு ஜிம்களின் ஓப்பன் மேட்டுக்கு (வெளியாரும் வந்து உருளக்கூடிய பயிற்சி நேரம்), உங்கள் கோச்சிடம் சொல்லிவிட்டு, போய் வாருங்கள். உங்கள் ஜிம்மில் ஒவ்வொருவரும் அடுத்து என்ன செய்வார் என்று உங்களுக்குத் தெரியும். தெரியாத கைகள் காலரைப் பிடிக்கும்போது வரும் அந்தக் கூச்சத்தைப் போட்டி நாளுக்கு முன்பே கழித்துவிட வேண்டும்.

கடைசி இரண்டு வாரத்தில் கடும் ஸ்பாரிங்கைக் குறையுங்கள். போட்டிக்கு ஏழெட்டு நாள் முன்பு கடைசிக் கடினமான நாள், அதன்பின் லேசான அசைவு, பாதையை மனதிலும் மெதுவாக மேட்டிலும் ஓட்டிப் பார்ப்பது, நிறையத் தூக்கம். கடைசி வாரத்தில் உடம்பு பலப்படாது, களைப்பும் காயமும்தான் வந்து சேரும். ‘இன்னும் தயாராகவில்லை’ என்ற பதற்றத்தில் போட்டிக்கு மூன்று நாள் முன்பு முழு வேகத்தில் உருண்டு, விலா எலும்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும்.

எடைக்கு வருகிறேன். நாலு கிலோ குறைத்துக் கீழ்ப் பிரிவுக்குப் போக வேண்டாம் என்று இரண்டு காரணத்துக்காகச் சொல்கிறேன். ஐபிஜேஜேஎஃப் முறையில் உங்கள் முதல் ஆட்டத்துக்குச் சற்று முன்பு, கியோடு (ஜியு-ஜிட்ஸு சீருடை) சேர்த்து எடை பார்க்கிறார்கள். ஒரே வாய்ப்பு, கூடுதலாக இருந்தால் வெளியேற்றம். வற்றவைத்த உடம்பைத் தேற்ற நேரமே இல்லை. அந்த உலர்ந்த உடம்போடுதான் மேட்டில் ஏற வேண்டும். முந்தின நாளே எடை பார்க்கும் போட்டிகளும் உண்டு. அங்கேயும் முதல் போட்டிக்கு இது வேண்டாம். 1997-ஆம் ஆண்டின் கடைசியில், சுமார் ஒரு மாத இடைவெளிக்குள், அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர் எடை குறைக்கும் முயற்சியில் இறந்தார்கள். தண்ணீரைத் தவிர்த்து, வியர்வை புகாத உடை போட்டுக்கொண்டு உடற்பயிற்சி செய்ததில் நேர்ந்தது அது. பயிற்சியாளர்களின் கண் பார்வையில் இருந்த, அனுபவமுள்ள வீரர்களுக்கே அப்படி. அதன் பிறகுதான் அங்கே எடை விதிகளை மாற்றினார்கள்.

இன்று காலை கியைப் போட்டுக்கொண்டு எடை பாருங்கள், அந்த எண் எந்தப் பிரிவில் விழுகிறதோ அதில் பெயர் கொடுங்கள். கி மட்டுமே ஒன்றரை, இரண்டு கிலோ வரும் என்பதை மறக்காதீர்கள். எல்லைக்கு அரைக் கிலோ மேலே நிற்கிறீர்கள் என்றால் பத்து வாரத்தில் உணவைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தினாலே அது சரியாகிவிடும்.

இப்போது என் முதல் ஆட்டத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுக்கும் இது நடக்க வாய்ப்பு அதிகம். டபுள் லெக் எடுத்து முதல் அரை நிமிடத்திலேயே 2 பாயிண்ட் வாங்கிவிட்டேன். அந்த மகிழ்ச்சியில், எதிராளியின் காலரை விட்டால் எல்லாம் போய்விடும் என்று உயிரைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது நிமிடத்தில் முன்கை கல்லாக இறுகிவிட்டது. விரல்களை மடக்க முடியவில்லை. அவர் என்னைப் புரட்டினார், 2. எழுந்து என் கார்டைக் கடந்தார், 3. 5-க்கு 2 என்று தோற்றேன். ஜிம்மில் அரைமணி நேரம் நிற்காமல் உருளக்கூடியவன் நான். மூச்சு முட்டியதோ உடம்பு சோர்ந்ததோ காரணமில்லை. தசை விடாமல் இறுகியே இருந்தால் அதற்குள் ரத்த ஓட்டம் தடைபடுகிறது. அட்ரினலின் பொங்கும் நேரத்தில் நாம் எவ்வளவு இறுக்குகிறோம் என்பதே நமக்குத் தெரிவதில்லை.

இதற்கு மருந்து இரண்டு. ஒன்று, பிடியைப் பயன்படுத்தும் கணத்தில் மட்டும் இறுக்கி, மற்ற நேரத்தில் கொக்கி போலத் தொங்கவிடப் பழகுவது. ஸ்பாரிங்கில் துணையிடம் சொல்லி வையுங்கள், நீங்கள் காரணமில்லாமல் இறுக்கும்போது அவர் சொல்லட்டும். இரண்டாவது, மூச்சு. மேலே வந்து நிலைநிறுத்திய ஒவ்வொரு முறையும் நீளமாக ஒரு மூச்சை வெளியே விடுங்கள். பதற்றத்தில் நாம் மூச்சை உள்ளே இழுத்து அடைத்துக்கொள்கிறோம். வெளியே விடுவதைக் கவனித்தால் உள்ளே போவது தானாக நடக்கும்.

தட்டுவதைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். 1951-இல் ரியோ டி ஜெனீரோவின் மரக்கானா மைதானத்தில் ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா, பிரேசிலிய ஜியு-ஜிட்ஸுவை வளர்த்தவர்களில் ஒருவரான ஹீலியோ கிரேசியின் கையைப் பூட்டினார். கை முறிந்தும் கிரேசி தட்டவில்லை. அவர் தரப்பினர்தான் ஆட்டத்தை நிறுத்தினார்கள். அந்தப் பூட்டு இன்றும் கிமுரா என்றே அழைக்கப்படுகிறது. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, தட்டாமல் தாங்குவது வீரம் என்று ஒரு மயக்கம் உண்டு. உங்கள் முதல் போட்டியில் அந்த மயக்கம் வேண்டாம். கை நேராகிவிட்டால் தட்டுங்கள். கழுத்தின் இரு பக்க ரத்தக் குழாய்களையும் அழுத்தும் நெரிப்பு சரியாக விழுந்தால் பத்து விநாடிக்குள் நினைவு போய்விடலாம், அதில் வலியே இருக்காது. இரண்டு கையும் சிக்கியிருந்தால் காலால் தட்டுங்கள், அல்லது வாயால் சொல்லுங்கள். பூட்டில் இருக்கும்போது வலியில் கத்தினாலே அதைத் தட்டியதாக எடுத்துக்கொள்வார்கள் என்பதும் தெரிந்திருக்கட்டும். அதேபோல் நீங்கள் பூட்டு போடும்போது சட்டென்று முறுக்காமல், எதிராளி தட்ட நேரம் கொடுத்து இறுக்குங்கள். நடுவர் நிறுத்தும்வரை விடாதீர்கள், நிறுத்திய மறுநொடி விட்டுவிடுங்கள்.

சின்ன விஷயங்கள் சில. கைகால் நகம் வெட்டியிருக்க வேண்டும். படர்தாமரையோ வேறு தோல் தொற்றோ இருந்தால் மேட்டில் ஏற விடமாட்டார்கள், விடவும் கூடாது. ஒருவரின் தோலில் இருப்பது அன்று முழுவதும் எத்தனை பேருக்குப் பரவும் என்று யோசியுங்கள். கிழியாத, துவைத்த கி, விதியில் சொன்ன நிறத்தில், கூட இன்னொன்று. மேட்டை விட்டு இறங்கினால் செருப்பு, குறிப்பாகக் கழிவறைக்குப் போகும்போது.

போட்டி நாளில் பெரும்பகுதி காத்திருப்புதான். அட்டவணை தள்ளிப் போகும், சில சமயம் முன்னாலும் வரும். சீக்கிரம் போய் உங்கள் மேட் எது, எடை பார்க்கும் இடம் எது என்று பார்த்து வையுங்கள். பழகிய சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். உங்கள் முறைக்கு அரைமணி முன்பு வியர்வை வரும்வரை உடம்பைச் சூடேற்றுங்கள். குளிர்ந்த உடம்போடு ஏறுபவருக்கு முதல் ஒன்றரை நிமிடம் ஆட்டத்திலேயே சூடேறுவதில் போய்விடுகிறது. வயிறு கலங்கும், கை நடுங்கும், பத்து முறை கழிவறைக்குப் போகத் தோன்றும். பக்கத்தில் அமைதியாகக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவருக்கும் அதேதான் நடக்கிறது. உங்கள் மூலையில், அதாவது மேட்டுக்கு வெளியே உங்கள் தரப்பில், ஒரே ஒருவர் பேசட்டும். அவர் நேரத்தையும் பாயிண்டையும், அடுத்து செய்ய வேண்டிய ஒன்றையும் மட்டும் சொல்லட்டும். ஜிம்மிலேயே அவர் குரலைக் கேட்டுக்கொண்டு இரண்டு சுற்று ஆடிப் பழகிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தச் சத்தத்தில் எதுவும் காதில் விழாது.

யாராவது ஒருவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், ஆனால் அன்றைக்கே பார்க்க வேண்டாம். அன்று இரவு, நினைவில் இருப்பதை மட்டும் எழுதி வையுங்கள்: எந்த இடத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன், எங்கே பாதை அறுந்தது, மூச்சு எப்போது போனது. இரண்டு நாள் கழித்து வீடியோவைப் பாருங்கள். நினைவும் படமும் வேறுபடும் இடங்கள்தான் மிகவும் பயனுள்ளவை. யுகம் போலத் தோன்றிய அந்தக் கீழ்நிலை உண்மையில் இருபது விநாடியாக இருந்திருக்கும், தப்பிக்க மூன்று வாய்ப்புகள் கண்ணெதிரே போயிருக்கும். அந்த மூன்றில் முதலாவது எதுவோ, அதை எடுத்துக்கொண்டு கோச்சிடம் போங்கள்.